நீர்ப் பவளப் பாம்பை அடையாளம் காண்பது எப்படி: தலையைப் பார்க்கப் பழகுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"தண்ணிப் பாம்புக்கு விஷம் கிடையாது" என்று கேட்டுத்தான் நம்மில் பலர் வளர்ந்தோம். ஊர்க் குளத்தில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு போகும் நீர்க்கோலிக்கு அது சரி. தென் அமெரிக்காவின் அமேசான் படுகையில் அந்த நம்பிக்கை உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அங்கே ஓடையிலும் சதுப்பிலும் மீன் பிடித்துத் தின்று வாழும் ஒரு பாம்பு நம் நாகப்பாம்பும் கட்டுவிரியனும் சேர்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது. மைக்ரூரஸ் சூரினாமென்சிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். தமிழில் நீர்ப் பவளப் பாம்பு என்று சொல்லலாம். பிரேசில்காரர்களும் கிட்டத்தட்ட இதே பொருளில் 'கோரல் அக்வாட்டிகா' என்கிறார்கள்.

பிரெஞ்சு இயற்கை அறிஞர் ஜார்ஜ் கூவியே 1817இல் இதற்குப் பெயர் வைத்தார். பெயரில் சூரினாம் இருப்பதால் அந்த நாட்டுப் பாம்பு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பிரேசில், பெரு, ஈக்வடார், கொலம்பியா, பொலிவியா, வெனிசுவேலா, கயானா, பிரெஞ்சு கயானா என்று அமேசானையும் கயானாப் பகுதியையும் ஒட்டிய நாடுகள் அனைத்திலும் இருக்கிறது.

படங்களை வைத்துப் பாம்பு இனங்களைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கும், அந்தப் பக்கம் வேலைக்கோ பயணத்துக்கோ போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இதில் வரும் எந்தப் படிக்கும் பாம்பைத் தொட வேண்டிய தேவை இல்லை. தூரத்தில் நின்று பார்த்தாலோ, ஒரு நல்ல போட்டோ கையில் இருந்தாலோ போதும்.

தொடங்கும் முன்: அந்தப் பாட்டை மறந்துவிடுங்கள்

பவளப் பாம்பு என்றதும் இணையத்தில் முதலில் கண்ணில் படுவது அமெரிக்கச் சிறுவர்கள் பாடும் ஒரு சின்னப் பாட்டு. சிவப்பை மஞ்சள் தொட்டால் ஆபத்து, சிவப்பைக் கறுப்பு தொட்டால் பயமில்லை என்பது அதன் சாரம். அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பவளப் பாம்புகளில் சிவப்புப் பட்டைக்கும் மஞ்சள் பட்டைக்கும் நடுவே கறுப்பு வராது. அதனால் அங்கே அந்தப் பாட்டு பெரும்பாலும் பலிக்கிறது.

நீர்ப் பவளப் பாம்பில் சிவப்பை ஒட்டி நிற்பது கறுப்பு. பாட்டை நம்பினால் இது சாதுப் பாம்பு ஆகிவிடும். உண்மையில் இதன் நஞ்சு மூச்சை நிறுத்தக்கூடியது. அமேசானில் வாழும் மற்றப் பவளப் பாம்புகள் பலவற்றிலும் இதே கதைதான். ஒரு நாட்டுப் பாம்புகளுக்காக உருவான சூத்திரத்தை இன்னொரு கண்டத்துக்கு எடுத்துப் போகக் கூடாது. இந்த வழிகாட்டியில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நின்றால் போதும்.

முதல் படி: இடத்தைப் பாருங்கள்

பாம்பைப் பார்ப்பதற்கு முன் அது கிடந்த இடத்தைப் பாருங்கள். மைக்ரூரஸ் பேரினத்தில் ஏறக்குறைய 80 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை தரைவாசிகள். இலைச் சருகுக்கு அடியிலும் மண்ணுக்குள்ளும் புகுந்து திரிந்து சின்னப் பாம்புகளையும், கால் இல்லாத பல்லி வகைகளையும் தின்பவை. நீர்ப் பவளப் பாம்பின் வாழ்க்கை வேறு. மெதுவாக ஓடும் ஓடை, சதுப்பு, ஏரிக்கரை, வெள்ளத்தில் மூழ்கிய காடு ஆகியவற்றில்தான் அதைத் தேட வேண்டும்.

அமேசானில் வெள்ளம் ஆண்டுதோறும் வந்து போகும் பருவம். மனாவுஸ் நகரப் பக்கம் ஆற்று நீர் சுமார் 10 மீட்டர் உயர்ந்து இறங்கும். மரங்கள் மாதக்கணக்கில் இடுப்பளவு, கழுத்தளவு நீரில் நிற்கும். வண்டல் கலந்த நீர் ஏறும் காட்டை 'வார்சியா' என்றும், கறுப்பு நீர் ஏறும் காட்டை 'இகபோ' என்றும் சொல்கிறார்கள். இந்தப் பாம்புக்கு ஏற்ற வீடு இப்படிப்பட்ட இடங்கள்தான்.

அதற்காகத் தண்ணீரில் கண்டதால் மட்டும் இந்த இனம் என்று முடிவு கட்ட முடியாது. மழைக்காலத்தில் தரைப் பவளப் பாம்பும் நீந்தும். இதுவும் கரையேறி வரும். இடம் ஒரு துப்பு, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: உடல்வாகு

வயது வந்த பாம்பு ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். பவளப் பாம்புகளில் இது பெரிய உருவம், கொஞ்சம் தடித்த உடம்பு. செதில்கள் வழவழப்பானவை. உடலைச் சுற்றி 15 வரிசைகள். வால் குட்டை. மைக்ரூரஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே 'சின்ன வால்' என்றுதான் பொருள்.

நீரில் வாழ்கிறதே, கடல் பாம்பு மாதிரி துடுப்பு வால் இருக்குமோ என்று தேடாதீர்கள். இதன் வால் சாதாரண உருட்டு வால்தான். தண்ணீருக்கு ஏற்ற மாற்றம் தலையில் இருக்கிறது. அதற்கு நான்காம் படியில் வருகிறேன்.

மூன்றாம் படி: கறுப்பை எண்ணுங்கள்

பட்டைகளைப் பார்த்ததும் கண் கூசும். எங்கே தொடங்குவது என்றே தெரியாது. ஒரு சிவப்புப் பட்டையில் விரல் வைத்துத் தொடங்குங்கள் (போட்டோவில்தான்). அங்கிருந்து வாலை நோக்கி நகர்ந்து, அடுத்த சிவப்பு வரும் வரை எத்தனை கறுப்பு என்று எண்ணுங்கள்.

நீர்ப் பவளப் பாம்பில் மூன்று வரும். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, மறுபடி சிவப்பு. இரண்டு சிவப்புக்கு நடுவே உள்ள இந்த ஐந்து பட்டைகளையும் சேர்த்து ஒரு 'கட்டு' என்று வைத்துக்கொள்வோம். உடலில் பொதுவாக 5 முதல் 8 கட்டுகள் இருக்கும்.

அப்புறம் அகலத்தைப் பாருங்கள். மூன்று கறுப்பில் நடுவில் இருப்பது மற்ற இரண்டையும்விட நன்றாக அகலம். ஓரத்துக் கறுப்புகள் குறுகல். வெள்ளைப் பட்டைகளும் குறுகியவை, இலேசாக மஞ்சள் தட்டும். சிவப்புச் செதில்களின் நுனியில் கறுப்பு தீட்டியிருக்கும். அதனால் சிவப்பு அழுத்தமான பளீர்ச் சிவப்பாக இல்லாமல் கொஞ்சம் அழுக்குப் படிந்த மாதிரி தெரியலாம். பட்டைகள் முதுகோடு நிற்காமல் வயிற்றையும் சுற்றி வளையமாக வரும்.

கறுப்பு நீர் ஓடைகளில் எடுத்த படத்தில் நிறத்தை நம்பாதீர்கள். அந்த நீர் பால் சேர்க்காத டீயின் நிறத்தில் இருக்கும். அரை அடி ஆழத்தில் கிடக்கும் பாம்பின் வெள்ளைப் பட்டைகூட ஆரஞ்சாகத் தெரியும். நிறம் ஏமாற்றினாலும் கறுப்பின் எண்ணிக்கையும் அகலமும் ஏமாற்றாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. எண்ணிக்கையை வைத்து விஷம் உண்டா இல்லையா என்று சொல்லக் கூடாது. தென்கிழக்குப் பிரேசிலில் வாழும் மைக்ரூரஸ் கொரல்லினஸுக்கு இரண்டு சிவப்புக்கு நடுவே ஒரே ஒரு கறுப்புதான். அதுவும் கடும் விஷப் பாம்பு.

நான்காம் படி: தலை

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். நேரம் குறைவு என்றால் மற்றவற்றை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யுங்கள்.

பெரும்பாலான பவளப் பாம்புகளின் தலையில் கறுப்புதான் மேலோங்கி நிற்கும். கறுப்புத் தொப்பி, கறுப்பு மூக்கு, நடுவே ஒரு வெள்ளைப் பட்டை என்ற மாதிரி. நீர்ப் பவளப் பாம்பின் தலை சிவப்பு. உச்சியில் உள்ள பெரிய செதில்கள் ஒவ்வொன்றும் சிவப்பு, ஒவ்வொன்றின் விளிம்பிலும் கறுப்புக் கோடு. சிவப்பு ஓடு பதித்த தரையில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே கறுப்புச் சாந்து பூசினால் எப்படி இருக்கும், அப்படி. ஒவ்வொரு செதிலின் வடிவத்தையும் யாரோ பேனாவால் வரைந்து காட்டியது போல் இருக்கும். ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் மறக்காது.

இப்போது கண்ணையும் மூக்கையும் பாருங்கள். தரைப் பவளப் பாம்புகளுக்குக் கண் பக்கவாட்டில் இருக்கும். இதற்குக் கண்ணும் மூக்குத்துளையும் சற்று மேல்நோக்கி அமைந்திருக்கின்றன. தலையும் தட்டை. உடம்பு முழுவதையும் நீருக்குள் வைத்துக்கொண்டு, மூக்கையும் கண்ணையும் மட்டும் மேலே காட்டி மூச்சுவிடத் தோதான அமைப்பு. கண்மணி வட்டம். "விஷப் பாம்பு என்றால் கண்மணி பூனைக்கண் மாதிரி கீற்றாக இருக்கும்" என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. நம் நாகத்துக்கும் வட்டக் கண்மணிதான்.

அருங்காட்சியகத்தில் ஆல்கஹாலில் போட்டு வைத்த பாம்பைப் பார்க்க நேர்ந்தால் சிவப்பைத் தேடாதீர்கள். ஆல்கஹாலில் சிவப்பு வெளுத்துப் பழுப்பாகிவிடும். கறுப்பு விளிம்புக் கோடுகள் மட்டும் நிற்கும். அந்தக் கோடுகளே போதும்.

ஐந்தாம் படி: ஆள்மாறாட்டம் செய்பவை

குழப்பம் இரண்டு பக்கமிருந்தும் வரும். மற்றப் பவளப் பாம்புகளோடும் குழம்பும், பவள நிறம் பூண்ட போலிகளோடும் குழம்பும்.

உறவுகளில் அதிகம் குழப்புவது மைக்ரூரஸ் லெம்னிஸ்காட்டஸ். அதற்கும் மூன்று கறுப்பு கொண்ட கட்டுதான். அதுவும் ஈரமான இடங்களை விரும்பும், விலாங்கு போன்ற மீன்களையும் தின்னும். வித்தியாசம் தலையில்: மூக்கு கறுப்பு, அதன் பின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை, அதற்கும் பின் கண்ணைச் சேர்த்து ஒரு கறுப்பு. ஒரு படத்தில் நானே இதில் தவறியிருக்கிறேன். பாதி உடல் நீருக்குள், தலை ஓர் இலைக்குப் பின்னால். கட்டுகளை மட்டும் எண்ணி லெம்னிஸ்காட்டஸ் என்று சொல்லிவிட்டேன். அடுத்த படத்தில் தலை தெரிந்தது, முழுச் சிவப்பு. அதிலிருந்து தலை தெரியாத படத்துக்கு 'மைக்ரூரஸ், இனம் உறுதியில்லை' என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். அரைகுறையாக இனப்பெயர் வைப்பதைவிட அதுதான் நேர்மையான பதில்.

இன்னொரு உறவு மைக்ரூரஸ் நாட்டெரெரி. மேல் ஒரினோகோ, ரியோ நீக்ரோ பகுதிகளில் வாழ்வது. நெடுநாள் இதை நீர்ப் பவளப் பாம்பின் துணையினமாகவே வைத்திருந்தார்கள். பிறகுதான் தனி இனம் ஆக்கினார்கள். அந்தப் பகுதியிலிருந்து வந்த படம் என்றால் இந்தப் பெயரையும் மனதில் வையுங்கள். பழைய நூல்களில் இரண்டும் ஒரே பெயரில் இருக்கும்.

போலிகளை பிரேசிலில் 'ஃபால்சா கோரல்' என்கிறார்கள். அவற்றில் நாம் கவனிக்க வேண்டியவை சில. எரித்ரோலாம்பிரஸ் ஏஸ்குலாபியில் கறுப்புகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும், கண் பெரிது. ஆனால் இது ஊருக்கு ஊர் அங்குள்ள பவளப் பாம்பைப் பார்த்து வேடம் மாற்றும் பாம்பு, எண்ணிக்கையும் மாறலாம். ஆக்சிரோபஸ் வகைகளில் மூன்று கறுப்புக் கட்டுகூட உண்டு. அவற்றில் பலவற்றுக்குப் பட்டைகள் வயிற்றில் முழுதாகச் சேராது. அனிலியஸ் சிட்டேலுக்குச் சிவப்பும் கறுப்பும் மட்டும்தான், வெள்ளையே இல்லை. கண் ஒரு செதிலுக்கு அடியில் புள்ளியாக மங்கித் தெரியும்.

நீரில் ஏமாற்றுவது ஹைட்ராப்ஸ். இதுவும் நீர்ப்பாம்பு, இதுவும் பட்டை போட்டது, இதுவும் மீன் தின்னி. ஆனால் பட்டைகள் குறுகல், எண்ணிக்கை அதிகம். அகலமான நடுக் கறுப்பு கொண்ட கட்டோ, கறுப்புக் கோடிட்ட சிவப்புத் தலையோ இதற்குக் கிடையாது.

நெருக்கமான படம் கிடைத்தால் இன்னொன்றும் பார்க்கலாம். பவளப் பாம்புகளுக்குக் கண்ணுக்கு முன்னுள்ள செதிலுக்கும் மூக்குச் செதிலுக்கும் நடுவே தனிச் செதில் கிடையாது, இரண்டும் ஒட்டியிருக்கும். போலிகளில் பலவற்றுக்கு நடுவே ஒரு சின்னச் செதில் உண்டு. எல்லாப் போலிகளுக்கும் அல்ல, ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பாம்பு உங்கள் முன்னால் நேரில் கிடக்கும்போது இதைச் சோதிக்கவும் போகாதீர்கள்.

ஆறாம் படி: படம் எடுக்கும் முறை

குறைந்தது இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள், ஜூம் போடுங்கள். மூன்று படம் போதும்: மேலிருந்து முழு உடல், மேலிருந்து தலை, பக்கவாட்டில் தலை. தலை மறைந்திருந்தால் குச்சியால் தள்ளாதீர்கள். பவளப் பாம்புகள் மிரண்டால் தலையைச் சுருளுக்குள் ஒளித்து, வாலைச் சுருட்டித் தூக்கி ஆட்டும். பார்ப்பவர் வாலைத் தலை என்று நினைத்து, பத்திரம் என்று எண்ணிய பக்கம் கையை வைப்பார். தலை அங்கேதான் இருக்கும்.

இடம், தேதி, நீரின் தன்மை மூன்றையும் அன்றைக்கே குறித்துவையுங்கள். 'அமேசான்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்த ஆறு, எந்த ஊர்ப் பக்கம் என்று இருக்க வேண்டும். நாட்டெரெரியா சூரினாமென்சிஸா என்பதே அதில்தான் தெளிவாகும்.

ஏழாம் படி: நஞ்சைப் புரிந்துகொள்ளுதல்

இதன் இரை பெரும்பாலும் மீன். அதிலும் சேற்றில் நெளியும் சேற்று விலாங்கு, கத்தி மீன், கவசக் கெளுத்தி போன்றவை. வழுக்கும் விலாங்கு கடிபட்டதும் நழுவிச் சேற்றுக்குள் போய்விட்டால் பாம்புக்கு அன்று பட்டினி. நஞ்சு சட்டென்று வேலை செய்தாக வேண்டும். பல பவளப் பாம்புகளின் நஞ்சை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் இதன் நஞ்சு மீன்களுக்கு மிகக் கடுமையாக இருந்தது.

இதன் நஞ்சில் பெரும்பங்கு 'மூவிரல் நச்சு' எனப்படும் சிறு புரதங்கள். மூன்று விரல் நீட்டியது போன்ற வடிவம் கொண்டவை. நரம்பு தசைக்கு 'அசை' என்று ஆணையிடும்போது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அனுப்பும். தசையில் அதை வாங்கிக்கொள்ளும் இடத்தை இந்தப் புரதங்கள் அடைத்துவிடும். ஆணை வந்தும் தசை அசையாது. நாகத்தின் நஞ்சிலும் இதே வகைப் புரதங்கள் உண்டு.

மனிதருக்குக் கடித்தால் முதலில் இமை தொங்கும். பார்வை இரண்டிரண்டாகத் தெரியும். விழுங்கவும் பேசவும் சிரமமாகும். கடைசியில் மூச்சுத் தசைகள் ஓயும். கடிவாயில் பெரிய வீக்கம் வராததால் "ஒன்றுமில்லை" என்று வீட்டில் படுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. அறிகுறி வர சில மணி நேரம்கூட ஆகலாம். நம் ஊரில் கட்டுவிரியன் கடித்தவர்கள் இரவில் தூங்கப்போய் காலையில் எழாமல் போனதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரேசிலில் நடக்கும் பாம்புக் கடிகளில் பவளப் பாம்புகளின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. இவை தேடி வந்து கடிப்பவை அல்ல. கையில் எடுத்தவரும், வலையில் சிக்கியதை விடுவிக்கப் போனவரும்தான் கடிபட அதிக வாய்ப்புள்ளவர்கள்.

இப்போது இனப்பெயர் ஏன் முக்கியம் என்பதற்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் ஆல்பர்ட் கால்மெட் நாக நஞ்சுக்கு விஷமுறிவு மருந்து உருவாக்கினார். அது எல்லாப் பாம்புக்கும் ஆகும் என்று நினைத்தார்கள். பிரேசில் மருத்துவர் விதால் பிரசில் அந்த மருந்து தன் நாட்டுப் பாம்புகளுக்கு வேலை செய்யவில்லை என்று காட்டினார். எந்தப் பாம்போ அதற்கேற்ற மருந்து வேண்டும் என்ற புரிதல் அங்கிருந்து வலுத்தது. விஷமுறிவு மருந்து தயாரிக்கும் புட்டன்டன் நிறுவனம் 1901இல் சாவ் பாவ்லோவில் உருவானபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான்.

அந்தப் பாடம் நீர்ப் பவளப் பாம்பில் திரும்ப வருகிறது. பிரேசிலில் பவளப் பாம்புக் கடிக்கான மருந்து மைக்ரூரஸ் கொரல்லினஸ், மைக்ரூரஸ் ஃப்ரான்டாலிஸ் என்ற இரண்டு இனங்களின் நஞ்சை வைத்துத் தயாராகிறது. ஆய்வகச் சோதனைகளில் அது நீர்ப் பவளப் பாம்பின் நஞ்சைச் சரியாக முறிக்கவில்லை. எனவே மூச்சுக்குத் துணை செய்யும் வசதி உள்ள மருத்துவமனையும் மருந்தைப் போலவே முக்கியம். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டும். அதை இதற்கு எண்ணவே கூடாது.

கடி நேர்ந்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு, கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், அந்தக் கை காலை அசைக்காமல் கொண்டுபோங்கள். கடித்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். பிரேசிலில் ஆம்புலன்ஸ் எண் 192. வலி இல்லை, வீக்கம் இல்லை என்றாலும் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்தே ஆக வேண்டும். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக முயன்று இரண்டாவது ஆளும் கடிபட வேண்டாம். போனில் ஏற்கெனவே படம் இருந்தால் காட்டுங்கள்.

எட்டாம் படி: கற்பதை நிறுத்தாமல் இருக்க

2010 மே மாதம் புட்டன்டன் நிறுவனத்தில் பிடித்த தீயில் சுமார் 80,000 பாம்பு மாதிரிகள் அழிந்தன. ஒரு நூற்றாண்டு காலம் சேர்த்தவை. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஒரு பாம்பு எங்கே, எந்த ஆண்டில் வாழ்ந்தது என்பதற்கான சாட்சி அது. இடமும் தேதியும் சரியாகக் குறித்த ஒரு போட்டோ அந்த இழப்பை ஈடு செய்யாது, ஆனால் புதிய சாட்சியாக நிற்கும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளங்களில் பதிவேற்றினால் அந்தப் பாம்புகளோடு வாழ்நாளைக் கழித்தவர்கள் சரிபார்ப்பார்கள். பெலேம் நகரின் எமீலியோ கோயல்டி அருங்காட்சியகம் 1866 முதல் அமேசான் உயிர்களைச் சேகரித்துவருகிறது. அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.

வீட்டில் இருந்தபடி செய்ய நல்ல பயிற்சி ஒன்று உண்டு. தெளிவான ஒரு படத்தை எடுத்து, பக்கவாட்டுத் தலையைப் பென்சிலால் வரைந்து பாருங்கள். மேலுதட்டில் உள்ள செதில்களை மூக்கிலிருந்து எண்ணிக்கொண்டே போங்கள். மற்றப் பவளப் பாம்புகளில் பெரும்பாலும் மூன்றாவதும் நான்காவதும் கண்ணைத் தொடும். நீர்ப் பவளப் பாம்பில் பொதுவாக நான்காவது மட்டும்தான் தொடும். நிறம் மங்கிய பழைய படத்திலும், சேறு பூசிய தலையிலும் இந்த ஒரு செதில் நல்ல துப்பு.